பழைய கார், புதிய வேகம்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆசையிலிருந்து எழுந்தவை. பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஒரு காரை முழுவதுமாகப் பிரித்துச் செப்பனிட்டு, அது ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்ததைக் காட்டிலும் வேகமான, ஆனால் சாலையில் நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக மாற்ற வேண்டும் என்பதே அந்த ஆசை. பந்தயத் திடலுக்கு மட்டுமான வண்டிகளைப் பற்றிய கேள்விகளை வேறோர் இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பின்சக்கர இழுவை கொண்ட, இரண்டு கதவுப் பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1.6 லிட்டர் என்ஜின், இப்போதும் ஓடுகிறது. பெரிய கார்புரேட்டர், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூன்றையும் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். எதை முதலில் மாட்டுவது?

பதில்: மூன்றையும் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். முதலில் எடுக்க வேண்டியவை ஒரு சிறு காந்தம், ஓர் அளவு நாடா, ஒரு ஸ்க்ரூடிரைவர். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் கண்ணாடிச் சட்டங்களின் அடியிலும் நகர்த்துங்கள். அது எங்கே ஒட்ட மறுக்கிறதோ அங்கே தகரம் போய்ப் பட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஜாக்கி தாங்கும் இடங்களையும் ஸ்பிரிங் உட்காரும் இடங்களையும் பின் ஆக்சில் பிணைக்கப்பட்ட இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். தனிச் சட்டம் இல்லாமல் உடற்கூடே சட்டமாகவும் இருக்கும் கார்களில், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி விட்டம் துருவால் உள்ளுக்குள் அரிக்கப்பட்டிருந்தால், அதிக ஆற்றலுள்ள என்ஜின் அந்தக் கூட்டை முறுக்கத்தான் செய்யும். அளவு நாடா எதற்கென்றால், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களுக்கும் பின் ஆக்சில் பொருந்தும் இடங்களுக்கும் இடையிலான இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிடுவதற்கு. அவை சமமாக இல்லையெனில் வண்டி எப்போதோ ஒரு மோதலைச் சந்தித்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் செய்யும் எந்த வேலையும் வீண்.

கூடு நல்ல நிலையில் இருந்தால் அடுத்து பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், பிறகு ரேடியேட்டர், எரிபொருள் குழாய்கள், ஒயரிங், என்ஜின் கடைசியில். இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: 1000 கிலோ எடையுள்ள வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்குகள் ஏறக்குறைய 386 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும், 140 கி.மீ. வேகத்திலிருந்து என்றால் 756 கிலோஜூல். வேகம் நாற்பது விழுக்காடு கூடுவதற்குள் பிரேக்கின் சுமை இரட்டிப்பை நெருங்கிவிடுகிறது. இரண்டாவது காரணம் மனிதர்களைப் பற்றியது. என்ஜினிலிருந்து தொடங்குகிறவர்களின் வண்டி மாதக்கணக்கில் மரக்கட்டைகள்மேல் நிற்கும், ஆர்வம் வடிந்துவிடும், கடைசியில் பாதி பிரித்த நிலையில் இன்னொருவரிடம் விற்கப்படும். மேலே சொன்ன வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகும் வண்டி சாலையில் ஓடும், அது எங்கே தடுமாறுகிறது என்பதை ஓட்டியே தெரிந்துகொள்ளலாம்.

வாங்கிய கார்புரேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உறிஞ்சுகிறது. ஆகவே 1.6 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 6500 சுற்றில், முழுமையாக நிரம்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 5200 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். தேவைக்கு மேல் அகலமான கார்புரேட்டரில் காற்று மெதுவாக நகர்வதால் வென்சுரி என்னும் அதன் குறுகிய கழுத்தில் உறிஞ்சல் குறைந்து, பெட்ரோல் நன்றாகத் தூளாகாமல் துளிகளாக இறங்கும். நீங்கள் அன்றாடம் ஓட்டும் 2000 முதல் 3500 சுற்று வரையிலான பகுதியில் வண்டி முன்பைவிடச் சோம்பேறியாகிவிடும். உங்களிடம் இருப்பதன் அளவைத் தெரிந்துகொண்ட பிறகு, தேவைப்பட்டால் அதை விற்றுவிடுங்கள்.

கேள்வி: பழைய என்ஜினையே புதுப்பிப்பதா, புதிய தலைமுறை என்ஜினைக் கொண்டுவந்து பொருத்துவதா என்று எனக்கும் என் தம்பிக்கும் ஓயாத சண்டை. நீங்கள் யார் பக்கம்?

பதில்: ஆற்றல் மட்டுமே கணக்கென்றால் தம்பி பக்கமோ அண்ணன் பக்கமோ அல்ல, புதிய என்ஜின் பக்கம். செவர்லேயின் சிறிய வி8 என்ஜின் 1955ஆம் ஆண்டு 4.3 லிட்டர் கொள்ளளவோடு வந்து, அதன் பிறகு பல பத்தாண்டுகள் பழைய கார்களை வேகமாக்குவோரின் முதல் தேர்வாக இருந்தது. 1997இல் கொர்வெட்டில் அறிமுகமான எல்எஸ்1 அதே நிறுவனத்தின் 5.7 லிட்டர் அலுமினிய என்ஜின். 345 குதிரைத்திறனை ஆலையிலிருந்தே தந்தது, அதுவும் குளிர்ந்த காலையிலும் முதல் சாவித் திருப்பலிலேயே கிளம்பும் சாதுவான குணத்தோடு. பழைய என்ஜினைக் கடைந்து அந்த அளவுக்குக் கொண்டுவருவதற்குள் அது ஐட்லில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில், நிற்க முரண்டு பிடிக்கும் மிருகமாகியிருக்கும். டொயோட்டாவின் 3 லிட்டர் 2ஜேஇசட் டர்போ என்ஜின் இவ்வளவு புகழ்பெற்றதற்கும் அதன் உறுதியான வார்ப்பிரும்பு பிளாக்தான் அடிப்படை.

ஆனால் கணக்கு என்ஜினோடு முடிவதில்லை. என்ஜினைத் தாங்கும் மவுன்ட், ஆயில் சம்ப் முன் ஆக்சிலில் இடிக்காதிருக்க அதை வெட்டி மாற்றுவது, கிளட்ச் இயக்கம், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளமும் கோணமும், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட் ஸ்டீயரிங் தண்டை உரசாமல் இறங்கும் பாதை, எரிபொருள் பம்ப், முழு ஒயரிங், கட்டுப்பாட்டுக் கணினி என்று பட்டியல் நீளும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.5 பார் வரையிலான எரிபொருள் அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் பெரும்பாலானவை 3 பாருக்குக் குறையாமல் கேட்கும். ஆகவே பழைய ரப்பர் குழாய்களையும் டேங்கையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. முன்பக்க எடை கூடினால் ஸ்பிரிங் மாறும், ஸ்பிரிங் மாறினால் ஷாக் அப்சார்பர் மாறும். என்ஜின் மாற்றத்தில் ஆகும் செலவின் பெரும்பகுதி என்ஜினுக்கு ஆவதில்லை என்பதைப் பலரும் பாதியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

என் சொந்த முடிவு இதுதான்: இப்போதைய என்ஜினின் ஆற்றலைப் போல் ஒன்றரை மடங்குக்குள் உங்கள் ஆசை அடங்குமானால் அதையே புதுப்பியுங்கள். அதற்கு மேல் என்றால் மாற்றுங்கள். ஆனால் என்ஜினை மட்டும் வாங்காமல், கியர்பாக்ஸ், ஒயரிங் கட்டு, கணினி, சென்சார்கள் எல்லாம் உள்ள மோதிய வண்டியையே முழுதாக வாங்குங்கள். தனித்தனியாகத் தேடும் சிறு பிராக்கெட்டுகள்தாம் மனிதனை அழவைக்கும்.

கேள்வி: பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொடுத்து 1 மி.மீ. ஓவர்சைஸ் ரீபோர் செய்யச் சொல்லியிருக்கிறேன். கொள்ளளவு கூடுவதால் ஆற்றலும் கணிசமாகக் கூடும் என்கிறார்கள். திரும்பி வந்ததும் நானே என்ஜினைக் கட்ட ஆசை. எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கணிசத்தைக் கணக்கிட்டுவிடுவோம். 81 மி.மீ. போர் 82 மி.மீ. ஆனால் கொள்ளளவு இரண்டரை விழுக்காடுதான் கூடுகிறது. ரீபோர் செய்வது தேய்ந்து முட்டை வடிவமாகவும் மேல் அகன்று கீழ் குறுகியும் போன சிலிண்டரை மீண்டும் வட்டமாகவும் நேராகவும் ஆக்குவதற்கே, ஆற்றலுக்காக அல்ல. ஆகவே சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, அதைச் சுத்தமாக்கப் போதுமான மிகச் சிறிய ஓவர்சைஸைத் தேர்ந்தெடுங்கள். சுவர் மெலிந்த சிலிண்டர் சூட்டில் வடிவம் இழக்கும். பிஸ்டன்களைக் கையில் வாங்கி, அவற்றை அளந்து, அந்த அளவுக்கேற்பப் போரைக் கடையச் சொல்ல வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடக் கூடாது. வார்ப்பு பிஸ்டனுக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கும் விரிவடையும் அளவு வேறு என்பதால் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியும் வேறு. பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள எண்ணே இறுதியானது.

அடுத்தது பேரிங் இடைவெளி. ஜர்னலின், அதாவது கிராங்க் தண்டில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதியின், விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது சாலை என்ஜின்களுக்கு நல்ல தொடக்கக் கணக்கு, 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. வரும். இதை மைக்ரோமீட்டரும் போர் கேஜும் கொண்டு அளக்க வேண்டும், குறைந்தபட்சம் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, கேப்பைச் சரியான முறுக்கத்துக்கு இறுக்கி, நசுங்கிய அகலத்தைப் பார்க்க வேண்டும். 'புதிய பேரிங், கடைந்த கிராங்க், அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்று விற்றவர் சொன்னதை நம்பி ஒருமுறை நான் அளக்காமல் கட்டினேன். ஒரு ஜர்னல் மட்டும் குறைவாகக் கடையப்பட்டிருந்தது. 400 கி.மீ. ஓடுவதற்குள் அந்தப் பேரிங் உருகிக் கிராங்கில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பெட்டிமேல் அச்சடித்த எண்ணை நான் நம்புவதில்லை.

ரிங்கின் முனை இடைவெளியை ஒவ்வொரு ரிங்குக்கும், அது போகப்போகும் சிலிண்டருக்குள்ளேயே வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். டர்போ இல்லாத சாலை என்ஜினுக்கு மேல் ரிங்கில் போர் விட்டத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு, 82 மி.மீ. போருக்கு 0.33 மி.மீ. அளவில் வரும். கொஞ்சம் அதிகமானால் சிறிதளவு அழுத்தம் கசியும், அவ்வளவே. குறைவானாலோ சூட்டில் இரு முனைகளும் முட்டிக்கொண்டு, ரிங் சுவரைக் கீறும் அல்லது பிஸ்டனின் மேல் விளிம்பையே பெயர்த்துவிடும்.

இனி பலரும் தவறவிடும் ஒன்று: கம்ப்ரஷன் விகிதம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 397 கன சென்டிமீட்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மீதமிருக்கும் இடம் 47 கன சென்டிமீட்டர் என்று கொள்வோம். விகிதம் ஏறக்குறைய 9.4. சிலிண்டர் ஹெட்டைச் சமமாக்குவதற்காகச் சீவியதில் அந்த இடம் 4 கன சென்டிமீட்டர் குறைந்துவிட்டால் விகிதம் 10.2 ஆகிவிடும். பழைய வடிவமைப்புள்ள எரியறைக்கு இது சாதாரண பெட்ரோலில் நாக்கிங், அதாவது கலவை தானாக வெடிப்பது, வரப் போதுமான உயர்வு. தெளிவான பிளாஸ்டிக் தகட்டை ஹெட்டின்மேல் கிரீஸால் ஒட்டி, அதில் துளையிட்டு, அளவுக்குழாயால் திரவம் ஊற்றி ஒவ்வோர் அறையையும் அளந்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். ஹெட் பட்டறையில் இருக்கும்போதே, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட்டாக இருந்தால், கெட்டியாக்கிய எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுகளைப் பொருத்தச் சொல்லுங்கள். ஈயம் விட்டுச்சென்ற படிவு அந்த மென்மையான சீட்டைக் காத்துவந்தது. அது இல்லாதபோது வேக ஓட்டத்தில் வால்வ் மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும்.

கேள்வி: கேம் ஷாஃப்ட் மாற்றியதிலிருந்து வண்டியின் உறுமல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கில் யாரும் கை வைக்கவே இல்லை!

பதில்: இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். அந்த உறுமல், இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் நீண்ட நேரம் திறந்திருப்பதால் ஐட்லில் எரிந்த வாயு பின்னோக்கி நுழைந்து எரிதல் தடுமாறும் ஓசை. அதே காரணத்தால் மேனிஃபோல்டின் வெற்றிடமும் குறைகிறது. ஆரோக்கியமான சாதாரண என்ஜின் ஐட்லில் 17 முதல் 21 அங்குலப் பாதரச வெற்றிடத்தைக் காட்டும். உங்களுடையது பத்துக்கும் கீழே போயிருக்கக்கூடும். பிரேக் பூஸ்டர் அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் உங்கள் காலுக்கு உதவுகிறது.

வெற்றிட மீட்டரை மாட்டி எண்ணைப் பாருங்கள். ஐட்ல் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறியிடும் நேரத்தை, சற்று முன்னே நகர்த்தினால் பெரிய கேமுள்ள என்ஜினில் வெற்றிடம் சில அங்குலம் மீளும். பூஸ்டருக்குப் போகும் குழாயிலுள்ள ஒருவழி வால்வ் பழுதில்லாமல் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். அவற்றாலும் போதாவிட்டால் மின்சார வெற்றிட பம்ப் ஒன்றைச் சேர்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், மிதமான கேமுக்குத் திரும்புவதே நேர்மையான தீர்வு. அன்றாடச் சாலையில் நீங்கள் நிமிடத்துக்கு 5500 சுற்றைத் தாண்டும் நொடிகள் எத்தனை, சிக்னலில் நிற்கும் நிமிடங்கள் எத்தனை என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை, தயவுசெய்து அந்த வண்டியை வேகமாக ஓட்டாதீர்கள்.

கேள்வி: என்னுடைய பழைய என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10. அதன்மேல் டர்போ மாட்டி 0.5 பார் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) மட்டும் கொடுக்கப் போகிறேன். இவ்வளவு குறைவான பூஸ்டுக்கு, நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 25 டிகிரி செல்சியஸ் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், இழப்பே இல்லாத கருவியிலும் அது 60 டிகிரியைத் தாண்டும். எழுபது விழுக்காடு திறனுள்ள உண்மையான கம்ப்ரஸரில் 75 டிகிரிக்கு மேல் போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பது ஒரு நட்டம். ஏற்கெனவே 10 விகிதத்தில் நெருக்கப்படும் சிலிண்டருக்குள் அந்தச் சூடு போய்ச் சேருவதால், தீப்பிழம்பு வந்தடையும் முன்பே கடைசி மூலையிலுள்ள கலவை தானாக வெடிப்பது அதைவிடப் பெரிய நட்டம். அந்த வெடிப்புதான் நாக்கிங். டர்போ என்ஜினில் அது சில நொடிகளில் பிஸ்டனின் ரிங் இடுக்கை உடைத்துவிடும், ஓட்டுநர் எக்ஸாஸ்ட் சத்தத்தில் அதைக் கேட்கக்கூட மாட்டார்.

ஆகவே இன்டர்கூலர் வேண்டும். இக்னிஷனைப் பூஸ்டுக்கேற்பப் பின்னுக்கு இழுக்கும் வசதி வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய எடை விகிதத்தில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றாலும், முழுப் பூஸ்டில் 11.5 முதல் 12 வரையிலான செறிந்த கலவையே பிஸ்டன்களைக் குளிர்ச்சியாக வைக்கும். அதை அளக்க அகலக்கற்றை ஆக்சிஜன் சென்சார் ஒன்றை எக்ஸாஸ்டில் நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் பெரியவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் டர்போ விஷயத்தில் அவர்களுக்கும் நேரம் போதாது. ஆற்றல் கூடும் அளவுக்குப் பெட்ரோலும் கூட வேண்டும் என்பதால், பம்பும் இன்ஜெக்டர்களும் அந்த அழுத்தத்தில் எவ்வளவு பாய்ச்சுகின்றன என்று அளந்து பாருங்கள். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அகலமாக, எங்கும் மேலேறாமல், சம்ப்பிலுள்ள ஆயில் மட்டத்துக்கு மேலே வந்து சேர வேண்டும். ஆயில் அங்கே அழுத்தத்தால் அல்ல, சும்மா வழிந்துதான் இறங்குகிறது. வழி குறுகினால் டர்போவின் சீல்கள் வழியே கசிந்து நீலப்புகை கக்கும், குற்றமற்ற டர்போவை நீங்கள் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

கேள்வி: பெரிய ரேடியேட்டர் வைத்தும் என்ஜின் சூடாகிறது. என்ஜின் சூடேறும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். எப்போது சூடாகிறது என்று நீங்கள் எழுதவில்லையே! நெரிசலில் மட்டும் சூடேறி, நெடுஞ்சாலையில் சூடு தணிந்தால் காற்றோட்டம் போதவில்லை: விசிறி, அதைச் சுற்றியுள்ள மூடி, ரேடியேட்டரின் பக்கங்களில் காற்று நழுவும் சந்துகள் ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலையில்தான் சூடேறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தையோ, மெலிந்த கலவையையோ, பின்தங்கிய டைமிங்கையோ சந்தேகியுங்கள். வேகத்தில் உறிஞ்சலால் உள்நோக்கிச் சப்பிப்போகும் கீழ்க்குழாயும் ஒரு பழைய குற்றவாளி. ரேடியேட்டரின் வாய்மூடியையும் மறக்க வேண்டாம். 1 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் 100லேயே கொதித்துவிடும்.

கேள்வி: முன்சக்கரங்களுக்கு டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டேன். சற்று தூரம் ஓட்டியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு டிஸ்க் கொதிக்கிறது. அது தவிர, பெடலும் நீளமாக உள்ளே போகிறது.

பதில்: பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. டிரம் பிரேக்குக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில், சக்கர சிலிண்டரின் சீல்கள் தளராதிருக்கக் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வ் இருக்கும். டிரம்முக்குள் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு; டிஸ்க்கில் அப்படி ஏதும் இல்லாததால் தேங்கிய அழுத்தம் பேடை டிஸ்க்கோடு உரசவைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த வால்வை முன்பக்கக் குழாயிலிருந்து நீக்க வேண்டும்.

பெடல் நீளமாவதற்குக் காரணம், பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் பெரியதாக இருப்பதால் அதை நிரப்பக் கூடுதல் திரவம் வேண்டியிருப்பது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் பயணம் குறையும், ஆனால் அதே காலழுத்தத்துக்குக் கிடைக்கும் திரவ அழுத்தமும் குறையும். முக்கால் அங்குல விட்டத்திலிருந்து எட்டில் ஏழு பங்கு அங்குலத்துக்குப் போனால் பரப்பு 36 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆகவே காலிப்பர் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பை அளந்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்ததும் ஆளில்லாத சமதளத்தில், குறைந்த வேகத்தில் கடுமையாகப் பிரேக் அடித்து, எந்தச் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது என்று இன்னொருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வ் ஒன்றைப் பொருத்தும் வரை அதைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

கேள்வி: வேகமாகக் கிளம்ப வேண்டும் என்று 4.11 விகிதமுள்ள டிஃபரன்ஷியல் (பின் ஆக்சில் கியர்) போட்டேன். கிளம்புவது அருமை, நெடுந்தூரம் போனால் காதடைக்கிறது. எந்த விகிதம் சரி?

பதில்: உங்கள் டயரின் சுற்றளவு 1.98 மீட்டர் என்று கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 842 முறை சுற்றும். அதை 4.11ஆல் பெருக்கினால், நேர் விகிதமுள்ள நான்காவது கியரில் என்ஜின் 3460 சுற்றில் அலறுகிறது. டிஃபரன்ஷியலை 3.0 ஆக்கினால் 2525க்கு இறங்கும், ஆனால் கிளம்பும் இன்பமும் போய்விடும். ஐந்தாவது கியர் 0.8 விகிதத்தில் உள்ள கியர்பாக்ஸைப் போட்டு 4.11ஐ அப்படியே வைத்தால் 2770 அளவில் நிற்கும். கியர்பாக்ஸ் மாற்றுவது செலவுதான். என்றாலும் பழைய வண்டியில் செய்யும் மாற்றங்களில் அன்றாடம் நன்றியோடு நினைக்கவைப்பது இதுவே என்பது என் அனுபவம்.

கேள்வி: ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டிவிட்டால் வண்டி தாழுமா?

பதில்: தாழும். கூடவே சஸ்பென்ஷன் பயணம் குறைந்து ரப்பர் தடைகளில் மோதும், சக்கரத்தின் சாய்வுக் கோணமும் மாறும், மேடு பள்ளங்களில் ஸ்டீயரிங் தானாக இழுக்கத் தொடங்கும். குட்டையான, சரியான கடினத்தோடு செய்யப்பட்ட ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் வாங்கும் வரை பொறுத்திருங்கள். அந்தப் பணத்தை முதலில் டயருக்குச் செலவிடுங்கள். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

கேள்வி: என் காரின் பழைய விளம்பரத்தில் 300 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறது. புதுப்பித்த பிறகு டைனோவில் (ஆற்றலை அளக்கும் மேடையில்) சக்கரத்தில் 210தான் காட்டுகிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அது அமெரிக்க வண்டியாக இருந்தால் ஆண்டைப் பாருங்கள். அங்கே 1970களின் தொடக்கம் வரை, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாத வெறும் என்ஜினை மேடையில் ஓட்டி அளந்த எண்ணையே விளம்பரம் செய்தார்கள்; 1972 வாக்கில்தான் வண்டியில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் முறைக்கு மாறினார்கள். அதன்மேல் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் விழுங்கும் பங்கு வேறு. டைனோவுக்கு டைனோவும் எண் மாறும். ஒரே மேடையில், ஒரே கியரில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளின் வித்தியாசம் மட்டுமே உங்களுக்குப் பயன்படும்.

கேள்வி: இரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு என் பழைய புஷ்ராட் என்ஜின் தயார். அடுத்த வாரம் முதன்முதலாகக் கிளப்பப் போகிறேன். பயமாக இருக்கிறது, என்ன செய்ய வேண்டும்?

பதில்: பயம் இருப்பது நல்லது அம்மா. உங்கள் என்ஜினில் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட் உருளை இல்லாத தட்டை வகை என்பதால் முதல் அரை மணி நேரம்தான் கேம் ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். கேமின் முனைகளிலும் டேப்பட் அடிப்பகுதிகளிலும் அதற்கான பசையைப் பூசியிருக்க வேண்டும். துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள ஆயிலையே ஊற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ஆயில் பம்பை ஓட்டும் என்ஜின் என்றால், அதைக் கழற்றிவிட்டு டிரில் கருவியால் பம்பைச் சுழற்றி, எல்லா ராக்கர்களிலும் ஆயில் வழிவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி, டைமிங்கை நிலையாக வைத்துச் சரிபார்த்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை நிரப்பி வையுங்கள். ஸ்டார்ட்டரால் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பூசிய பசை துடைக்கப்பட்டுவிடும். ஆகவே முதல் முயற்சியிலேயே கிளம்பும்படி எல்லாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கிளம்பிய உடனே ஐட்லில் விடாமல் 2000 முதல் 2500 சுற்றுக்குக் கொண்டுபோய், சற்று ஏற்றி இறக்கியபடி இருபது முப்பது நிமிடம் வைத்திருங்கள். இந்த வகை என்ஜினில் கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழற்றித் தெளிப்பதால்தான் கிடைக்கிறது. ஐட்லில் அது போதாது. ஒருவர் ஆயில் அழுத்த மீட்டரையும் சூட்டு மீட்டரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் தீயணைப்பானோடு கசிவைத் தேடட்டும். அழுத்தம் விழுந்தால் காரணம் யோசிக்காமல் உடனே அணைத்துவிடுங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். அசெம்பிளிப் பசையின் கருமையும் நுண்ணிய சாம்பல் பூச்சும் இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில்களோ செம்பு நிறத் துகள்களோ தெரிந்தால் வண்டியை நகர்த்தாமல் எனக்கு எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கே சாலையில் எடுத்து, நடுத்தர வேகத்தில் பாதிக்கு மேல் ஆக்சிலரேட்டர் அழுத்தி முடுக்குவதும், கியரிலேயே விட்டு வேகம் குறையவைப்பதுமாகப் பலமுறை ஓட்டுங்கள். ரிங்குகள் சுவரோடு படிவது அந்தச் சுமையில்தான். அன்பு மிகுதியால் மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தால் சிலிண்டர் சுவர் பளபளத்து, என்ஜின் ஆயுள் முழுவதும் ஆயில் குடிக்கும்.